ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டவன் நான்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி போட்டிருந்தாய். கோயம்புத்தூரில் பழைய கார் ஒன்று வாங்கியிருப்பதாகவும், இருபது கிலோமீட்டர் ஓடியதும் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கிப் போவதாகவும், எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்த 'யாராவது'வில் நான் சேர்த்தி இல்லை என்று எனக்குத் தெரியும். ஐந்து வருஷமாக நீ வீடியோ காலில் உன் அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாய். அவளுக்கு வலது கை விளங்காததால் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் உன் அப்பனாகிய நான். என் முகம் உனக்குத் தெரிந்துவிடாதபடி கையை நீட்டிப் பிடிக்கப் பழகிவிட்டேன். அம்மாவிடம் சிரிக்கும்போது உன் கடைவாய்ப் பல் ஒன்று போயிருப்பது தெரிகிறது. எப்போது பிடுங்கினாய் என்று கேட்கக்கூட எனக்கு வழியில்லை.

உன் கேள்விக்குக் கீழே உன் மாமா, தண்ணீர் அளவைப் பார் என்று எழுதினார். இன்னொருவர் வண்டியை விற்றுவிடு என்றார். அதற்கும் கீழே நம் பங்காளி ஒருவர், "இவனுக்கா தெரியாது? ரெண்டு கரண்டி மஞ்சத்தூளப் போட்டு அடைச்சிர வேண்டியதுதானே. அனுபவஸ்தனாச்சே!" என்று போட்டார். உடனே சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நீ பதில் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. சிரித்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைக் கொடுத்தவன் நான்தான். இந்தக் கடிதத்தை உனக்குத் தனியாக அனுப்பாமல் அதே குரூப்பில் போடுகிறேன். ஊர் கேட்கப் பழி சொன்னவன் ஊர் கேட்கத்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்தால் இனி என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மின்சார இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் லைன் பார்த்தவன் நான். ஊரே இருட்டில் கிடந்தாலும் எந்தக் கம்பத்தில் கோளாறு என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது. ஒரு முனையிலிருந்து தொடங்கி, இது நல்லது, இது நல்லது என்று ஒதுக்கிக்கொண்டே போனால் கெட்டது தானாக மாட்டும். கூட வேலை பார்த்தவர்களிடம் இதை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தி எங்கே போகுமோ தெரியாது. வீட்டில் எது கெட்டாலும் நான் முதலில் தேடுவது கோளாறை அல்ல, ஆளை. மிக்ஸி ஓடவில்லை என்றால் உன் அம்மா. மோட்டார் ஓடவில்லை என்றால் நீ. கேட்டு, பார்த்து, தொட்டுச் சொல்கிற பொறுமையெல்லாம் சம்பளம் கொடுத்த இடத்தோடு முடிந்துபோயிற்று.

உன் வண்டி எப்போது சூடாகிறது என்று பார். சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேனைச் சந்தேகப்படு. நிற்கும்போது ஒழுங்காக இருந்து, வேகமாக ஓடும்போதும் மேடேறும்போதும் சூடானால் தண்ணீர் சரியாகச் சுற்றி வரவில்லை என்று அர்த்தம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய். தண்ணீரில் விடாமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால் எஞ்சினின் தலைப்பகுதியை இறுக்கி மூடும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடியில் பார். பால் காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, அதற்குமேல் வண்டியை நகர்த்தாதே. இரண்டும் இல்லையென்றால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸையும் அதிலிருந்து வரும் கீழ் ஹோஸையும் பட்டும் படாமலும் தொட்டுப் பார். மேலே கை வைக்க முடியாத சூடாகவும் கீழே சில்லென்றும் இருந்தால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. எஞ்சின் கொதித்தும் மேல் ஹோஸே சூடேறவில்லை என்றால் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. மூடியின் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் பார்க்க மறக்காதே. மூடி தளர்ந்துபோனால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். சூடாக இருக்கும்போது மட்டும் எக்காரணம் கொண்டும் அதைத் திறக்காதே. இதை உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. யார் சொல்லித் திறந்தாய் என்பதை இந்த குரூப்பில் உன்னையும் என்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாது.

இனி நம் வீட்டு வண்டி. நான் ரிட்டயரான வருஷம் வாங்கிய பழைய டீசல் கார் அது. ஆலங்குடியில் நம் தெருவில் வாசலில் கார் நின்ற முதல் வீடு நம்முடையது. அந்தத் தலைக்கனம் எனக்கு இருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. அதன் ரேடியேட்டருக்கு நம் வீட்டு போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. காயவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும் என்று உன் அம்மா சமையலுக்கு வெளியிலிருந்து குடத்தில் எடுத்து வருவாள். பருப்புக்கு ஆகாத தண்ணீரை நான் எஞ்சினுக்கு ஊற்றினேன். நீ கூலண்ட் வாங்கி ஊற்றச் சொன்னாய். "லாரிக்காரன் எவன்டா கலர் தண்ணி ஊத்துறான்? வேலைக்குப் போக ஆரம்பிச்சதும் ஒனக்கு வாய் நீண்டுருச்சு" என்றேன். அப்புறம் ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது. மாற்றிவிடுவோம் என்றாய். நீ சொன்னதால் மாற்றவில்லை. இதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் சொன்ன வைத்தியம் அது. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் துளையில் போய் ஊறி அடைத்துக்கொள்ளும். வழியில் மாட்டிக்கொண்டவர்கள் ஊர் வந்து சேர்வதற்காகச் செய்வது. வந்ததும் கழுவிவிட்டு ரேடியேட்டரைப் பற்றவைக்கக் கொடுத்துவிடுவார்கள். நான் அடுப்படிக்குப் போய் டப்பாவை எடுத்தேன். "அதை எதுக்குங்க அங்கிட்டு கொண்டு போறீங்க?" என்று உன் அம்மா கேட்டாள். "வைத்தியத்துக்கு" என்றேன். மூன்று கரண்டி போட்டேன். ஒழுகல் நின்றது. பத்து நாளில் மறுபடி கசிந்தது, மறுபடி போட்டேன். குழம்புக்குப் போடுவதுபோல ஒரு மாதம் போட்டதில் டப்பா காலியானது. உன்னிடம், "ஒழுகலு தானா நின்னுருச்சு, நீ என்னமோ ரேடியேட்டர மாத்தச் சொன்ன" என்று ஜம்பமாகச் சொன்னேன்.

கோட்டைப்பட்டினத்தில் உன் நண்பனின் நிக்காஹ்வுக்கு அந்தக் காரைத்தான் எடுத்துக்கொண்டு போனாய். சாயங்காலம் திரும்பி வந்து, சாவியை ஆணியில் மாட்டும் முன்பே சொன்னாய்: "அப்பா, முள்ளு மேலயே நிக்கிது. அறந்தாங்கிக்கு அங்கிட்டு ஒருக்கா, இங்கிட்டு ஒருக்கா நிறுத்தி, ஆறவிட்டுத் தண்ணி ஊத்துனேன். யார்ட்டயாச்சும் காட்டிட்டுத்தான் இனி எடுக்கணும்." நான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒனக்கு ஓட்டத் தெரியல, அதான் சூடாகுது" என்றேன். நீ சொன்னது ஒவ்வொரு சொல்லாக எனக்கு நினைவிருக்கிறது. மறந்துபோயிற்று என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மறுநாள் காலையில் உன் அம்மா கை மரத்துப்போகிறது என்றாள். மடக்கிப் படுத்திருப்பாய், உதறிவிடு என்றேன். பத்து மணிக்குக் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "நூத்தியெட்டுக்குப் போன் போடுவோம்ப்பா" என்று நீ போனை எடுத்தாய். உன் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். "வாசல்ல காரை வச்சுக்கிட்டு எவனுக்குடா காத்துக் கெடக்கணும்?" என்று கத்தினேன். "வண்டி தாங்காதுப்பா" என்றாய். "ஏறுடா" என்றேன். நீ அம்மாவைத் தூக்கிப் பின்சீட்டில் உன் மடியில் சாய்த்துக்கொண்டாய். நான் ஓட்டினேன்.

புதுக்கோட்டைக்கு அரை மணி நேரப் பாதை. பாதி தூரம் போவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. "நிறுத்துங்கப்பா, நிறுத்துங்கப்பா" என்றாய். நான் மிதித்தேன். வம்பன் நால்ரோட்டுக்குச் சற்று முன்னால் முள் சடாரென்று கீழே இறங்கியது. "பாத்தியா, காத்துப் பட்டதும் எறங்கிருச்சு!" என்றேன். அந்த நிலைமையிலும் உன்னை ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. கார் வைத்திருக்கிற எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் ஆறியதால் முள் இறங்கவில்லை. எஞ்சினுக்குள் இருந்த தண்ணீர் ஆவியாகிப்போய், முள்ளுக்குத் தகவல் சொல்லும் சென்சாரைத் தொடுவதற்குக்கூட மிச்சமில்லாததால் இறங்கியது. கொதிக்கிற வண்டியில் முள் திடீரென்று விழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். நான் இன்னும் அழுத்தினேன். இரண்டு நிமிஷத்தில் எஞ்சின் ஜாமாகி நின்றது.

நீ இறங்கி ஆம்புலன்ஸுக்குச் சொன்னாய். தண்ணீர் இல்லை, மூடியைத் திறந்து ஊற்று என்று நான் கூச்சல் போட்டேன். "ஆறட்டும்ப்பா, இப்பத் தொறக்கக் கூடாது" என்றாய். "ஒங்கம்மா சாகக் கெடக்கா, ஆறட்டுங்கிறியே, நீயெல்லாம் புள்ளயா?" என்றேன். அந்தச் சொல்லுக்குத்தான் நீ துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு திறந்தாய். கொதிக்கிற தண்ணீர் பீறிட்டு உன் வலது கையை முழங்கை வரை வேகவைத்தது. கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் போய் உட்கார்ந்தாய்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். காலையிலேயே கை மரத்ததைச் சொன்னோம். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஒரு ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம், அதற்கான நேரம் கடந்துவிட்டது என்றார். வராந்தாவில் உறவுக்காரர்களெல்லாம் கூடிவிட்டார்கள். உன் மாமா, "ஏன் மச்சான் இம்புட்டு நேரமாச்சு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. "எங்கிட்டு நேரத்துல வர்றது? நேத்து தொரை கோட்டைப்பட்டினம் போயிட்டு, தண்ணி பாக்காம வண்டியக் கொண்டாந்து நிறுத்திருக்காரு. பெத்த தாயப் படுக்கையில போட்டுட்டான்" என்றேன். நீ கையில் கட்டோடு எதிரே நின்றாய். "நான் ஊத்துனேம்ப்பா. ரெண்டு தடவ ஊத்துனேன்" என்றாய். "பொய் சொல்லாதடா" என்றேன்.

தண்ணீரே இல்லாத ரேடியேட்டரிலிருந்து உன் கை வேகும் அளவுக்குத் தண்ணீர் எப்படி வந்தது? முப்பத்திரண்டு வருஷம் கோளாறு கண்டுபிடித்தவன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாமா? வற்றியது எஞ்சினுக்குள்தான்; நீ ஊற்றிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் ரேடியேட்டரின் மேல் தொட்டியிலேயே நின்றிருக்கிறது. நீ சொன்னது நிஜம் என்பதற்குச் சாட்சி என் கண்ணெதிரே பஞ்சும் துணியும் சுற்றி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டேதான் உன்னைப் பொய்யன் என்றேன். அம்மா வீடு திரும்பிய மறுவாரம் நீ கோயம்புத்தூருக்குப் போனாய்.

இதுவரை சொன்னதைப் பதற்றத்தில் புத்தி கெட்டுப் பேசியது என்று யாராவது மன்னிக்கலாம். இனி சொல்வதற்கு அந்தச் சலுகை கிடையாது. எட்டு மாதம் கழித்து வண்டியை ஜபார் பாயிடம் இழுத்துக்கொண்டு போனேன். கோட்டைப்பட்டினத்தில் படகு எஞ்சின் பார்த்துவிட்டு, இப்போது நம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஷெட் போட்டிருக்கிறாரே, அவர்தான். ரேடியேட்டரைக் கழற்றி நிமிர்த்தி வைத்து மேலே ஹோஸைச் சொருகித் தண்ணீர் விட்டார். தண்ணீர் மேலேயே பொங்கி வழிந்தது. கீழே சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. உன் வண்டியில் கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் இப்படித்தான் சோதிக்கச் சொல். பிறகு மேல் தொட்டியைப் பிரித்தார். உப்பும் மஞ்சளும் குழைந்து காய்ந்து குழாய்களின் வாயையெல்லாம் பூசியிருந்தது. "அண்ணே, இது தண்ணி ஊத்தாம ஓடுன வண்டி இல்லண்ணே. தண்ணி இருந்தும் போக வழியில்லாம வெந்த வண்டி" என்றார். விரலில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "யாருண்ணே இதுல மஞ்சத்தூளப் போட்டது? தம்பியா?" என்று கேட்டார்.

நான் பேசாமல் நின்றேன். ஆமாம் என்று சொன்னால் பொய்யாகிவிடும் என்று அவ்வளவு ஜாக்கிரதை. "சின்னப் புள்ள, தெரியாமப் போட்டுருக்கும். விடுங்கண்ணே" என்று அவரே முடித்துக்கொண்டார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அன்றிலிருந்து நாலு வருஷத்துக்கு மேலாகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். தண்ணீர் ஊற்றாதவன் என்று நான் கட்டிய கதையோடு மஞ்சள் தூளும் சேர்ந்து, டீக்கடை டீக்கடையாகச் சுற்றி, குரூப்பில் சிரிப்பாக வந்து நின்றிருக்கிறது.

அடுத்து எழுதுவதை இங்கே எழுதுவது உனக்குப் பிடிக்காது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். உனக்குப் பார்த்த கறம்பக்குடிப் பெண்ணின் ஜாதகம் பொருந்தவில்லை என்று உன் மாமா உன்னிடம் சொன்னாரே, அது பொய். உங்கள் இருவருக்கும் பிடித்துப்போய், சம்பந்தத்தை முடிவுசெய்து பெண் வீட்டில் கை நனைக்க நாள் பார்க்க இருந்த நேரத்தில், பெண் வீட்டார் நம் பக்க வழக்கப்படி சொல்லாமல் கொள்ளாமல் ஆலங்குடிக்கு வந்து விசாரித்திருக்கிறார்கள். ஜபார் பாயின் ஷெட்டிலும் கேட்டிருக்கிறார்கள். அவர் நல்ல மனுஷன். "தங்கமான பையங்க. வெவரம் தெரியாம வண்டியில என்னத்தையோ போட்டுருச்சு, அதுல அவங்கம்மா படுத்துருச்சு, பாவம்" என்று உனக்காகப் பரிந்துதான் பேசியிருக்கிறார். அவர்கள் பின்வாங்க அந்தப் பரிவே போதுமானதாக இருந்தது. போன மாதம்தான் உன் மாமா இதை என்னிடம் சொன்னார்.

உன் அம்மாவிடம் போய், மஞ்சள் போட்டது நான்தான் என்றேன். அவளுக்கு இப்போது பேச்சு ஒரு சொல், இரண்டு சொல்லாகத்தான் வரும். "தெரியும்" என்றாள். அப்படியானால் ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். வெகுநேரம் வாயைக் கூட்டி, "நீங்க... சொல்லணும்" என்றாள். இத்தனை நாளும் நான் போனை நீட்டிப் பிடித்தபோதெல்லாம், இன்றைக்குச் சொல்வார், இன்றைக்குச் சொல்வார் என்று அவள் காத்திருந்திருக்கிறாள். அதற்காக அவள்மேலும் கொஞ்ச நேரம் கோபப்பட்டேன். பழக்கம் லேசில் விடுமா?

ஜபார் பாயிடம் சொன்னேன். "இத்தன வருசமா அந்தப் புள்ளயப் பத்தித் தப்பாச் சொல்ல வச்சுட்டீங்களேண்ணே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். போன வியாழக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு கறம்பக்குடிக்கு பஸ் ஏறினேன். பெண்ணின் அப்பா எங்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, ஆதியோடந்தமாக நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பாயும் தான் பார்த்ததைச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் அவர், "ஒங்க பையன் மேல ஒரு தப்பும் இல்லன்னு இப்பத் தெரியுதுங்க" என்றார். எனக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. "ஆனா தப்பா நெனைக்காதீங்க. தான் செஞ்சதப் பெத்த புள்ள தலையிலேயே கட்டிட்டு, தெரிஞ்ச பெறகும் நாலு வருசம் வாயத் தொறக்காம இருந்திருக்கீங்க. அப்படியொரு மாமனார் வீட்டுக்கு எம்பொண்ண எப்படிங்க அனுப்புறது? நாளைக்கு அது தலையிலயும் எதையாச்சும் கட்டுவீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறந்தேன். பாய் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். அதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது, பெண்ணின் அப்பா கோளாறைச் சரியான கம்பத்தில் கண்டுபிடித்துவிட்டார் என்று. உன் பெயரைத் துடைத்தாயிற்று. மிச்சமிருக்கிற குறை நான் மட்டும்தான். "அவன் எங்க வீட்டுக்கு வந்தே அஞ்சு வருசமாச்சுங்க" என்றேன். "இனிமேயும் வரமாட்டான். ஒங்க பொண்ணு எங்க வீட்டுப் படி ஏற வேண்டியதே இல்ல. பத்திரிகையில அவன் அம்மா பேரு போட்டாப் போதும். நான் குறுக்க வரமாட்டேன். அவன் தனி, நான் தனி." அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். நேற்று உன் மாமாவுக்குப் போன் செய்து சம்மதம் சொல்லிவிட்டார்.

இந்தக் கடிதத்தைப் படித்த உடனே நீ பஸ் ஏறி வந்துவிடுவாய் என்று உன் அம்மா நம்புகிறாள். காலையிலிருந்து வாசலைப் பார்த்த மாதிரிதான் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கும் ஆசைதான். ஐந்து வருஷமாக எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான் என்று வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆனால் பெண்ணைப் பெற்றவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். வராதே, தம்பி. கல்யாணத்தன்று அம்மாவை நானே மண்டப வாசல் வரை கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன். நீ வந்து அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போ. போகும்போது என் பக்கம் திரும்பிப் பார்த்துவிடாதே. பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.